மிஸியின் சட்டைப் பை

அந்தத் தாதியின் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் ‘மிஸி’. மெலிந்த, நெட்டையான மனிசி. சிரித்து நான் கண்டதில்லை. கதைத்துக்கொண்டு நிற்கும்போதே அவரின் கை அடிக்கடி வெள்ளைச் சட்டைப் பைக்குள் போய் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

அது என்னவென்று என் மகளுக்கு முட்டு வந்த அன்றுதான் கண்டேன். மூச்செடுக்க முடியாமல் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை நான் கட்டிலில் கிடத்திக் கையை எடுக்குமுன், மிஸி பைக்குள் இருந்து ஒரு உறையை எடுத்துக் கிழித்தார். பிள்ளைகளின் அளவு ஒட்சிசன் மாஸ்க். அடுத்த கணம் அது மகளின் முகத்தில் இருந்தது.

மகள் தேறி நித்திரையான பிறகு கேட்டேன்.

“இதை ஏன் மிஸி கொண்டு திரியிறீங்கள்? அலுமாரி இருக்குத்தானே?”

“அலுமாரிக்குள்ளதான் இருந்தது. துலைஞ்சால் பதில் சொல்லவேணும் எண்டு நான்தான் பூட்டி வச்சனான். ஒருநாள் கடலுக்குள்ள விழுந்த பிள்ளையொண்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கினம். நான் அடம்பன் ஊரில ஒரு செத்தவீட்டில நிண்டனான். அலுமாரித் திறப்பு என்ர கைப்பையுக்குள்ள. பெரியாக்களின்ர மாஸ்க்கைப் பிடிச்சுப் பார்த்திருக்கினம், பொருந்தேல்லை. நான் வந்து சேர எல்லாம் முடிஞ்சுது.”

சொல்லிக்கொண்டே கையைப் பைக்குள் விட்டார். மாஸ்க் என் மகளின் முகத்தில் இருந்தது. அது தெரிந்தும், அந்தக் கை வெறும் பைக்குள் தேடிக்கொண்டே இருந்தது.