முடுக்கும் முன் போட்ட மஞ்சள் குறி

அன்று லாரியடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். லைன் லீடர், என்னைவிட வயதில் சின்னவர். எனக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கும் தென்காசிப் பெண். சூப்பர்வைசர் சார். லாரி டிரைவர். நான்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. காருக்கு பிரேக் மிதி செய்கிறோம். ஒரு பீஸுக்கு நான்கு போல்ட். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டு, போல்ட் தலையில் மார்க்கரால் மஞ்சள் கோடு போடவேண்டும். மஞ்சள் இருந்தால் முடுக்கியாயிற்று என்று அர்த்தம். என் வேலை அதுதான்.

தினமும் காலையில் வரிசையில் நின்று, கையை நீட்டி, சுவரில் எழுதியிருப்பதைச் சொல்வோம். பாதுகாப்பு, தரம், நேர்மை. நான்கு வருடம் சொன்னேன். வாய் சொல்லும். மனசு அன்றைய டார்கெட்டில் இருக்கும்.

டார்கெட் ஏறியபோது ஒரு வழி கண்டுபிடித்தேன். ட்ரேயில் இருக்கும் எட்டு பீஸுக்கும் முதலில் மஞ்சள் போட்டுவிடுவது. பிறகு வரிசையாக முடுக்குவது. மார்க்கரை எடுத்து எடுத்து வைக்கும் நேரம் மிச்சம். என்னைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். தொடங்கி வைத்தது நான்.

அன்று ஒரு ட்ரேயின் பாதியில் கம்பிரசர் நின்றது. துப்பாக்கிக்குக் காற்று இல்லை. ஸ்டோரிலிருந்து காலிப் பெட்டி எடுத்துவரச் சொன்னார்கள். போய் வந்தேன். காற்று வந்திருந்தது. ட்ரே காலி. அடுத்ததை எடுத்து வேலை பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடியைத் திருகும்போதுதான் கைக்கு உறைத்தது. அந்த ட்ரேயை நான் முடிக்கவில்லை.

தென்காசிப் பெண்ணிடம் கேட்டேன்.

"யக்கா, மஞ்சளப் பாத்துதாம்க்கா அடுக்குனேன். எம்மேல ஒண்ணும் வராதுல்லா?"

"உன் மேல இல்ல. சாப்புடு."

பதினெட்டுப் பெட்டி லாரியில் ஏறிவிட்டது. எந்தப் பெட்டி என்று தெரியாது. லைன் லீடரிடம் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்தார்.

"இன்னாக்கா, லாரி கெளம்புற நேரத்துல வந்து சொல்லிக்கினு கீற? இந்த மாசம் உன் கான்ட்ராக்ட்டு முடியுது, ஞாபகம் கீதா? கம்முனு போய்க் குந்து."

ஞாபகம் இருந்தது. ஆனால் அது பிரேக். முகம் தெரியாத யாரோ மிதிக்கப் போவது. நான் லாரிக்குப் போனேன். பின்கதவைத் திறந்து முதல் பெட்டியை இழுத்தேன்.

டிரைவர் ஓடி வந்தார். "எம்மா, ஏத்துனத எறக்குற? காலைலேர்ந்து நான் சோறு துன்னல."

"போய்த் துன்னுட்டு வாண்ணே. நீ வர்றதுக்குள்ள எல்லாம் எறக்கிடுறேன்."

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார்.

"எத்தனை பீஸ்?"

"தெரியல சார். முடுக்காமலே மஞ்சள் போட்டேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல சார். ஒரு வருசமா."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "எறக்குங்க" என்றார்.

பெட்டியைப் பிரித்து, முடுக்கம் பார்க்கும் ரெஞ்சை ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்தோம். சரியாக இருந்தால் 'டக்' என்று சத்தம் வரும். பத்துப் பெட்டி முடிந்தது. எல்லாம் டக், டக்.

"அக்கா, சாமிய வேண்டிக்க, ஒண்ணாவது லூசா வரணும்னு" என்றார் லைன் லீடர். ரெஞ்சு அவர் கையில்தான் இருந்தது.

கிடைக்காவிட்டால் நான் பைத்தியக்காரி. கிடைத்தால் குற்றவாளி. குற்றவாளியாக இருப்பதே மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்காவது பெட்டியில் ரெஞ்சு சத்தமில்லாமல் சுற்றியது. அந்தப் பெட்டியோடு போதும் என்றார் லைன் லீடர். நான் பதினைந்தை இழுத்தேன். தென்காசிப் பெண் வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

முடிக்கும்போது கம்பெனி பஸ் போய்விட்டது. வீட்டுக்கு, பிள்ளைப்பாக்கம் வரை, ஷேர் ஆட்டோவில் போனேன்.

மறுநாள் மெமோ கொடுத்தார்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கான்ட்ராக்ட்டை மூன்று மாதம் மட்டும் நீட்டினார்கள். பிறகு மறுபடி நீட்டினார்கள். மஞ்சளை முதலில் போடும் வழக்கத்தை லைனில் நானே போய் ஒவ்வொருவரிடமும் சொல்லி நிறுத்தினேன். சிலர் முறைத்தார்கள். டார்கெட் குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்னும் சொல்கிறார்கள். உண்மைதான்.

இப்போதும் காலையில் கையை நீட்டிச் சொல்கிறேன். ஆனால் 'தரம்' என்று வாயில் வரும்போது சுவரைப் பார்ப்பதில்லை, என் கையைப் பார்க்கிறேன். அன்று பிரித்த பீஸ் முந்நூற்று அறுபது. முடுக்காமல் மஞ்சள் போட்டிருந்தது ஐந்து.