ஆதரவற்றவர் என்று எழுதிக் கொடுத்தது

என் அப்பாவின் அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தவர். பார்வை போன பிறகு, ஆஸ்பத்திரி கொடுத்த சிறு தொகையில் மாதா கோயிலுக்குப் பின் சந்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அந்த வருடம் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் மாறியது, தொகை நின்றது. வாடகை கொடுக்க முடியாவிட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா இருந்தார். அவர்கள் இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

"உங்கம்மா கையால சோறு வாங்கித் தின்னறதுக்கு முன்னாடி ஆண்டவர் என்னைக் கூப்பிட்டுக்கட்டும்" என்றார் அத்தை.

"வரட்டும், வேணாங்கல. சமையக்கட்டுல மட்டும் கால் வெக்கக்கூடாது" என்றார் அம்மா.

ஆதரவற்ற முதியவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் சர்க்கார் மாதாமாதம் பென்ஷன் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் டிப்ளமா முடித்து ஓர் அரசு அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். பொறியாளர்கள் வரைந்த பாலங்களை மெழுகுத் துணியில் மையால் படியெடுப்பது என் வேலை. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஞானஸ்நானப் பதிவின் நகல், கண் டாக்டரின் சான்று, வீட்டுக்காரர் கடிதம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, நூல் கோத்து, தாலுகா அதிகாரி அமல்தாரின் ஆபீசில் கொடுத்தேன்.

குமாஸ்தா புரட்டிப் பார்த்தார். "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே! இப்படி எழுதறவங்க கூட இருக்கறப்போ அந்த அம்மா எப்படி ஆதரவில்லாதவங்க?" என்று பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தார். நான் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்து, அமல்தாருக்குக் கீழே வீடு வீடாகப் போய் விசாரிக்கிற அதிகாரியான சேக்தார் வர வேண்டும். வரும் நாளைச் சொல்லி அனுப்பினார். கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வருகிறார் என்றால் என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தோம். எங்களுக்கு வேறு விதம் தெரியாது. தரையைத் தேய்த்துக் கழுவினேன். மேஜைக்கு அத்தை பின்னிய வெள்ளை விரிப்பைப் போட்டேன். அத்தை கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பூப்போட்ட பீங்கான் கோப்பையை அம்மாவுக்குத் தெரியாமல் பையில் போட்டுக் கொண்டுபோனதும் நான்தான்.

"காபி சென்னாகிதெ, அஜ்ஜி. நல்லா இருக்கு, பாட்டி" என்றார் சேக்தார் கன்னடமும் தமிழுமாக, குடித்துக்கொண்டே.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடி, வெயில்ல வந்திருக்கார்" என்றார் அத்தை.

இரண்டாவது கோப்பையையும் குடித்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் விண்ணப்பம் தள்ளுபடியானது. அமல்தார் ஆபீசில் அவருடைய அறிக்கையைப் படித்தேன்: அறை சுத்தம், மேஜை விரிப்பு, உயர்ந்த சேலை, பீங்கான் கோப்பை, வறுமை தெரியவில்லை. அந்தக் கோப்பையில் குடித்தது யார் என்று அதில் இல்லை.

மறு விசாரணைக்கு எழுதிப் போட்டேன். அப்புறப்படுத்த வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அத்தையிடம் போனேன். மேஜை, விரிப்பு, கண்ணாடி போட்ட மாதா படம், தலையணை உறை, வெள்ளைச் சேலை. அவர் கடைசிவரை கேட்டார்.

"குருடின்னு டாக்டர் எழுதிக் குடுத்தாச்சு. இப்ப பிச்சைக்காரி வேஷம் வேற போடணுமா?"

"வேஷம் இல்ல அத்தே. இருக்கறதக் குறைக்கறோம்."

"குறைச்சுக்கோ. அப்படியே ஒரு தகரக் குவளையும் கொண்டா, கையில புடிச்சுக்கறேன்."

"கத்தாதீங்க. மேஜை வேணுமா, எங்கம்மா வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் எழுந்து பெட்டியைத் திறந்து, தடவிப் பார்த்துச் சேலையை எடுத்து, என் குரல் வந்த பக்கம் வீசினார். அது சுவரில் பட்டு விழுந்தது. மடித்து எடுத்துக்கொண்டேன். மாதா படத்தை மட்டும் தொடவிடவில்லை.

இந்தத் தடவை காபி இல்லை. சேக்தார் அறையைச் சுற்றிப் பார்த்தார். கோப்பையைத் தேடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

"கண்ட உண்டா அஜ்ஜி? புருஷன்?"

"நான் கல்யாணமே பண்ணிக்கல."

"சரி. மகன்?"

"அப்புறம் மகன் எங்கேந்து வருவான்?"

"பாரத்துல கட்டம் இருக்கு, கேக்கணும். பேரன்?"

சேக்தார் என் பக்கம் திரும்பினார். "நீவு யாரம்மா?"

"தம்பி மகள்."

"தம்பி மகள் கணக்குல வராது. சாட்சியா கையெழுத்துப் போடுங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாததால, எழுதினத நீங்க அவங்க பாஷையில சத்தமாப் படிச்சுச் சொல்லணும். அதுதான் ரூல்."

கன்னடத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் படித்தேன். "இவருக்குச் சோறு போடவோ, நோயில் பார்த்துக்கொள்ளவோ, இந்த ஊரில் யாரும் இல்லை." குரல் தடுமாறாமல் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். ரேகை வைக்க அத்தையின் கட்டை விரலைப் பிடித்தபோது அது மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. சேக்தார் போன பிறகு மேஜையைத் திரும்பக் கொண்டுவந்தேன். "தெருவிலேயே வெச்சிட்டுப் போ" என்றார், கதவைத் திறக்காமல்.

பென்ஷன் கிடைத்தது. முதல் மணியார்டர் வந்த அன்று, ரேகைக்குச் சாட்சி வேண்டும் என்று அத்தை எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். வேலைக்குப் போகிற வழியில் போனேன். தபால்காரர் புதியவர்.

"இவங்க யாரு, அஜ்ஜி? மகளா?"

"மகளும் இல்ல, மருமகளும் இல்ல. எனக்கு யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்தவ. கையெழுத்து நல்லா இருக்கும். எங்க போடணும்னு காட்டுங்க."

அவர் காட்டினார். போட்டேன். அத்தை நோட்டுகளைத் தடவித் தடவி வாடகையைத் தனியே எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைக்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.