கழுத்துல கார்டோட போன மனுசன்

எங்க ஊட்டுக்காரரு அரசுப் பல்கலைக்கழகத்துல கெமிஸ்ட்ரி வாத்தியாரு. கழுத்துல தொங்குற ஐடி கார்டைக் கழட்டவே மாட்டாரு. உழவர் சந்தைக்குப் போனாலும் அது முன்னால ஆடிக்கிட்டுப் போகும். "ஏனுங்க, கத்திரிக்காய் விக்கிறவளுக்கு நீங்க யாருன்னு தெரியணுமாக்கும்?"னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. சிரிச்சுக்குவாரு.

அந்தக் கார்டுதான் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துச்சு.

பரீட்சை ஹால்ல ஒரு பொண்ணு பிட்டு வெச்சிருந்தா. இவரு புடிச்சு, முறைப்படி எழுதி அனுப்பிட்டாரு. அதோட விட்டிருக்கலாம். எங்க பக்கத்துப் பழக்கம் விடுமா? நல்லதோ கெட்டதோ, ஊட்டுக்குப் போய் நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தாத்தான் மனசு ஆறும். சாயங்காலம் வண்டியை நேரா ஆட்டையாம்பட்டிக்கு விட்டுட்டாரு. அங்க அந்தப் பொண்ணோட அக்காளைப் பாக்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. வாசல்லயே திரும்பியிருக்க வேண்டாமா? பொண்ணோட அப்பாவை ஓரமாக் கூப்பிட்டு, "அம்மிணி ஊட்டுக்கு வந்துருச்சுங்களா? பிட்டு வெச்சு மாட்டிக்கிச்சுங்க. திட்டாதீங்க, அடுத்த தடவை எழுதிக்கலாம்"னு சொல்லியிருக்காரு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற தொண்டை இவருக்கு. கூடத்துல இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுருச்சு. வந்தவங்க காப்பியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

மானநஷ்ட வழக்குப் போட்டுட்டாரு பொண்ணோட அப்பா.

பல்கலைக்கழக வக்கீல் பிரிச்சுச் சொன்னாரு. "ஹால்ல செஞ்சது கடமை. நல்லெண்ணத்தோட செஞ்ச கடமைக்குச் சட்டம் காவல் இருக்குது, நாங்களும் நிப்போம். ஊட்டுக்குப் போனது உங்க சொந்த விஷயம். தோத்தா நட்டஈடு உங்க கையிலிருந்துதான்." கொஞ்சம் யோசிச்சு அவரே வழியும் சொன்னாரு. "கார்டோடதானே போனீங்க? துறையில அனுப்பினாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதுவும் கடமையாயிரும்."

எனக்குப் போன உசிரு திரும்புச்சு. ஊடு கட்டி இன்னும் பூச்சு வேலைகூட முடியல. "சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு கோர்ட்டு வாசல் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன்.

கூண்டுல ஏறினாரு. யாரு அனுப்பி அங்க போனீங்கன்னு கேட்டாங்க.

"யாரும் அனுப்பலீங்க. நானாத்தான் போனேன்."

அடப்பாவி மனுசா! பொழைக்கத் தெரியாத இந்த ஆளைக் கட்டிக்கிட்டு நான் என்னதான் பண்றது? வெளிய டீக்கடையில நிக்க வெச்சு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருந்தேன். அப்பத்தான் வழக்குப் போட்ட அந்தப் பொண்ணோட அப்பா எங்க பக்கமா வந்தாரு. சண்டைக்கு வாராருன்னு நெனச்சேன்.

"ஏனுங்க சார், நெசமாவே உங்களை யாரும் அனுப்பலீங்களா?"

"இல்லீங்க."

"கழுத்துல கார்டைப் பாத்ததும், நாலு பேரு முன்னாடி எங்களை அசிங்கப்படுத்தச் சொல்லி ஆபீஸ்ல அனுப்பிச்சாங்கன்னுதான் நெனச்சேன். பின்ன எதுக்குங்க வந்தீங்க?"

"ஹாலை விட்டுப் போறப்ப அம்மிணி மொகம் சரியில்லீங்க. பத்திரமா வந்து சேந்துச்சான்னு பாக்கத்தான் வந்தேன்."

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"வந்து சேரலீங்க சார். விருந்தாளுங்க சத்தத்துல எங்களுக்கே அது தெரியல. நீங்க கேட்ட பொறவுதான் தேடிப் போனோம். ஜேடர்பாளையம் அணைக்கட்டுல, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருந்துச்சுங்க."

அங்கயே பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன்.

இவரு மெதுவாக் கேட்டாரு. "இப்ப எப்படிங்க இருக்குது?"

"திரும்ப எழுதறதுக்குப் படிக்குதுங்க. கேஸு வேண்டாங்க சார், இன்னிக்கே வக்கீல்கிட்டச் சொல்லிர்றேன். நீங்க ஒருநாள் ஊட்டுக்கு வரணும். காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும்."

இவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "வாரோங்க. கார்டைக் கழட்டி வெச்சுட்டுக் கூட்டிட்டு வாரேன்."