குங்குமம் வைத்த எழுத்து

பல்லடத்தில் என் தறிக்கூடத்துக்கு வந்த சீனத் தறியின் மூடியில் சிவப்பாக ஒற்றை எழுத்து இருந்தது. ஆயுதபூஜையன்று, தறி ஓட்டும் செல்வி, "இது என்னங்கண்ணா?" என்று கேட்டாள். "கம்பெனி பேரு அம்மணி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதன்மேலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

மறுவாரம், அறுந்த நூலை எடுக்க அந்த மூடிக்கடியில் குனிந்தவளின் கையைத் தறி இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள் போயின.

பழுது பார்க்க வந்த மெக்கானிக் சீனாவில் வேலை கற்றவர். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார்.

"அபாயம்னு அர்த்தமுங்க. பாறை விளிம்புல ஒரு ஆளு, அடியில ஒடுங்கி உக்காந்த ஒருத்தன். அந்தக் காலத்துல இந்த எழுத்த அப்படித்தான் வரைஞ்சாங்களாமுங்க."

அடியில் இருந்தவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தானுங்கண்ணா பாக்காம குனிஞ்சுபோட்டேன்" என்று செல்வி இன்றும் சொல்கிறாள். நான் ஒருமுறைகூட இல்லையென்று சொன்னதில்லை.