மலர்க்கொடி அக்காவின் தெருக்கள்

அரியலூர் ரோட்டுக் காயலான் கடையில் அட்டைப்பெட்டிக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, குரும்பலூர் மலர்க்கொடி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தது. கேட்டதும் கடைக்காரர், "இன்னைக்கி வியாபாரம் வேணாம்மா, கெளம்புங்க" என்று கதவைச் சாத்தினார். நான் செத்தால் சாத்துவாரா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது. அக்காவை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெரம்பலூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருவரும் குப்பை பொறுக்கினோம். எங்கள் சங்கத்தில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் செயலாளர். எங்களுக்கும் தொழிலாளி என்று அடையாள அட்டை வேண்டும் என்ற மனுவை எழுதியவளும் நான்தான். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு வலு என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தெருவில் ஒரு வீட்டம்மா, கழற்றி வைத்த கொலுசைக் காணோம் என்று அக்காவின் சாக்கை நடுத்தெருவில் கொட்டச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வூட்டுக்காரரு குடிக்கிற பாட்டிலெல்லாம் எங்க சாக்குலதான் வருது. தெருவுக்கே சொல்லட்டுமா?" என்று கத்தினேன்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அக்கா என் பக்கம் திரும்பினார். "குப்பையில பாத்தத வாய்க்குக் கொண்டாராத. அவங்க திருடின்னாங்க, பொறுத்துக்கிட்டேன். நீ பேசுனதத்தான் பொறுக்க முடியல." உதவிக்குப் போன எனக்கு ஊர் பார்க்கத் திட்டு!

மறுநாள் கொலுசு கட்டிலுக்கடியில் அகப்பட்டது. மன்னிப்புக் கேட்க வந்த அம்மாவிடம் அக்கா, "அதெல்லாம் வேணாங்க. நாங்க இன்னாருன்னு சொல்ல கையில ஒண்ணு இருந்தா உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்காது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று என் மனுவை நீட்டினார். அந்த அம்மாவே மற்ற வீடுகளுக்கும் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் தாள் நிறைந்துவிட்டது. எழுதியது நான், பேர் வாங்கியது அக்கா. அடையாள அட்டை வந்த அன்று என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே வயிறெரிந்து நின்றேன்.

இப்போது அக்காவின் தெருக்களும் என் பங்குக்கு வந்திருக்கின்றன. எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அக்காவிடம் எதையும் மூடாமல் கொடுத்தவர்கள், எனக்குத் தரும் மாத்திரை அட்டைகளில் பேரைச் சுரண்டிவிட்டுத் தருகிறார்கள். அந்தக் கொலுசு வீட்டிலிருந்து ஒரு பாட்டில்கூட வருவதில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் திட்டு ஒன்றுதான். நேற்று ஒரு குப்பையில் நாலாகக் கிழித்த ஆஸ்பத்திரிச் சீட்டு கிடந்தது. சேர்த்துப் படிக்காமல் சாக்கில் போட்டேன். அதைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல அக்கா இல்லை. அதற்குத்தான் நேற்று முழுக்க அழுதேன்.