சிப்பிக்கிடங்குத் தெருவின் ஒரே ஓட்டு

சிப்பிக்கிடங்குத் தெருவில் முப்பத்தொரு குடும்பம். வரி கட்டிய வீடு ஒன்றே ஒன்று. மற்றவை புறம்போக்கில் நின்ற ஓலைக் குடிசைகள். நகரசபைக் கணக்கில் அவை வீடே இல்லை. அந்த ஒற்றைக் காரைவீடு பிச்சம்மாளுடையது. கப்பலிலிருந்து தோணியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஒருநாள் மூட்டையோடு கடலில் விழுந்து போனான். அவன் வைத்துவிட்டுப் போனது அந்த வீடு மட்டும்தான். அவள் உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் அந்த வட்டாரத்துப் பில் கலெக்டர், வீட்டுவரி வசூலிக்கிறவன். என் தலையைக் கண்டால் பெரிய பெரிய வியாபாரிகளே புறவாசல் வழியாக நழுவுவார்கள். பிச்சம்மாள் மட்டும் அரையாண்டு பிறந்த முதல் நாளே ஆபீசுக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து வரியைக் கட்டிவிட்டு, ரசீதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவருக்குத்தான் நகரசபை ஓட்டு. இன்னொருத்தியாக இருந்தால் அதைத் தன் சொத்தாக நினைத்திருப்பாள். இவள் தெருவின் சொத்தாக வைத்திருந்தாள். தேர்தல் வந்தால் தெருவே கூடிப் பேசி முடிவு செய்யும். இவள் போய்ப் போட்டுவிட்டு வருவாள். ஓட்டுச்சாவடி வாசல்வரை எல்லோரும் கூடவே நடப்பார்கள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

யுத்தத்துக்கு முந்திய தேர்தலில் உப்பு வியாபாரி சங்கரலிங்கத்துக்குப் போட்டார்கள். அன்றைக்கு அவருக்குச் சரிகைத் தலைப்பாகை, கோட்டு, ஓட்டுப் போட அவர் கட்சியின் பச்சைப் பெட்டி. தெருவில் தோண்டிய இடமெல்லாம் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீருக்குப் பெண்கள் முத்தையாபுரம் ரோட்டில் ஒரு மைல் நடக்க வேண்டும். ஆறு மாதத்தில் தெருமுனையில் குழாய் என்றார் அவர். தேர்தலுக்கு முந்தின வாரமே ஒரு கல்தூணை நட்டுப் பச்சை அடித்து, பித்தளைக் குழாயையும் மாட்டிவிட்டார். குழாய்க்குப் பின்னால் பைப் கிடையாது. இரண்டே ஓட்டில் ஜெயித்தார். தூணில் ஆடு கட்டினார்கள்.

யுத்தத்தைச் சொல்லி அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. அவரும் கவுன்சிலராகவே இருந்தார். வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று உறுதியாகி, தேர்தலும் அறிவித்ததும் ஒருநாள் காலையில் மனிதர் கதரில் வந்து நின்றார். ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் பேசாத பேச்செல்லாம் பேசினார். தூணுக்கும் மூவர்ணம் அடித்தாயிற்று.

பிச்சம்மாள் தெருவாரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவருடைய வரிப் பாக்கியைக் கேட்கப் போன நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி, குழாய் என்னாச்சி? எட்டு வருசமாச்சே" என்றாள்.

"ஏளா, அது பழைய கட்சியில இருந்து சொன்னது. அந்தக் கட்சியே இப்பம் இல்ல. இல்லாத கட்சிகிட்ட போயி என்னத்தக் கேக்க?"

"கட்சியா வந்து சொல்லிச்சி? உங்க வாயிதான சொல்லிச்சி. அது இங்கனதான இருக்கு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சங்கரலிங்கமும் சிரித்தார், அதுதான் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"தண்ணி வந்தாத்தான் எங்க தெரு ஓட்டு" என்றாள் பிச்சம்மாள். "இல்லன்னா எதுத்து நிக்காரே ஞானையா, அவருக்கு."

பத்தே நாளில் நகரசபைத் தீர்மானம் ஒன்று வந்தது. ஆதரவற்ற விதவை என்பதால் பிச்சம்மாளின் வீட்டுவரி தள்ளுபடி. அந்த உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். சங்கரலிங்கமும் வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்று, "இந்தத் தாயிகிட்ட இனி ஒரு தம்பிடி வாங்கக் கூடாது" என்றார். தெரு கைதட்டியது. பிச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி" என்றாள் என்னிடம். "ஒரு கேள்வி கேட்டதுக்கே மனுசன் எறங்கி வந்துட்டாரு. குழாயும் வந்துரும்."

வரி இல்லையென்றால் ஓட்டர் பட்டியலில் பெயர் இல்லை. எனக்கு அது தெரியும். "வேண்டாம்னு சொல்லு" என்று ஒரு வார்த்தை போதும். சங்கரலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை அவர் கையில் இருந்தது.

"நல்லது பிச்சம்மா" என்றேன். இன்றைக்கும் என் வாயில் கசக்கிற சொல் அது.

ஓட்டுப் போடுகிற அன்று தெருவே வெளுத்த துணி உடுத்தி அவளோடு நடந்தது. சாவடிக் குமாஸ்தா பட்டியலை மூன்று தடவை புரட்டினார். பெயர் இல்லை. அவள் பதறாமல் மடியிலிருந்து அந்தத் தள்ளுபடி உத்தரவை எடுத்து நீட்டினாள். "இதுல எம் பேரு இருக்குய்யா, வீட்டு நம்பரும் இருக்கு, பாருங்க."

அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "இதனாலதாம்மா இல்ல."

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு முப்பத்தொரு குடும்பமும் திரும்பிப் போயின. சங்கரலிங்கம் நாலு ஓட்டில் ஜெயித்தார். அவள் போட்டிருந்தாலும் ஜெயித்துத்தான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் ஆபீசுக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. பேரச் சேத்திருங்க."

"வாங்க முடியாது பிச்சம்மா. தள்ளுபடி ஆன வீட்டுக்கு ரசீது போட முடியாது." தள்ளுபடியை ரத்து செய்வதென்றால் அதற்கும் கவுன்சில் தீர்மானம் வேண்டும். கவுன்சிலில் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

நான் பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். திட்டியிருந்தால் தேவலை. முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு அரையாண்டும் முதல் நாள் வந்துவிடுவாள். முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைப்பாள்; முடியாது என்று நான் தலையை ஆட்டுவேன்; எடுத்துக்கொண்டு போவாள். அப்படி நாலு தடவை வந்தாள். ஐந்தாவது தடவை வரவில்லை. சாயங்காலம்வரை வாசலையே பார்த்திருந்தேன். ஆபீஸ் சாத்தும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது.