கோம்பை மச்சான் பிடுங்கிய களை

புதுசாக கோல்ஃப் டூருக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஸ்விங் பற்றித்தான் கேட்கிறார்கள். கேடியைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. நான் படாத பாடு பட்டதே அதில்தான்.

மலேசியாவில் அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி. முதல் இரண்டு நாள் ஆடி, மொத்த அடிகள் குறித்த வரம்புக்குள் இருந்து 'கட்' தாண்டினால் அடுத்த வருஷ டூர் கார்டு கையில். தாண்டாவிட்டால் கார்டு போச்சு, மறுபடி தகுதிப் போட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் கேடி காய்ச்சலில் படுத்துவிட்டான். வீட்டுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"எங்கண்ணனை அனுப்புறேன். துபாய் போயிட்டு வந்தவுக, பாஸ்போர்ட் இருக்கு" என்றாள் என் மனைவி.

மச்சானுக்குக் கோம்பையில் திராட்சைத் தோட்டம். வந்ததும் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏலே மாப்ள, இம்புட்டு நெலத்தையும் சும்மாவா போட்டுருக்காக? பந்தல் போட்டா என்னா வெளைச்சல் வரும்!" பை தூக்குவதில் மட்டும் குறையே சொல்ல முடியாது. உரமூட்டை சுமந்த தோள்.

இரண்டாம் நாள், இன்னும் மூன்று குழிதான் பாக்கி. 'கட்' வரம்புக்கு உள்ளே ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரே ஒரு அடி, மிச்சத்தோடு இருந்தேன். பந்து உயரப் புல்லுக்குள் உருண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் மச்சான் குனிந்து, பந்துக்குப் பின்னால் நின்ற ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறிக் காட்டினார்.

"கோரை மாப்ள. பாரு, கெழங்கோட வந்துருச்சு. விட்டா காடு பூரா ஏறிரும்."

பந்துப் பக்கத்தில் முளைத்து நிற்கும் எதையும் பிடுங்கி வழி பண்ணிக்கொள்ளக் கூடாது. பிடுங்கினால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். கேடி பிடுங்கினாலும் ஆட்டக்காரன் தலையில்தான் விடியும். கையைத் தூக்கி ரெஃப்ரியைக் கூப்பிட்டேன்.

மச்சான் விடவில்லை. "அவருகிட்டச் சொல்லு மாப்ள. எங்க ஊர்ல களை எடுத்தா கூலி குடுப்பாக, டீயும் வடையும் குடுப்பாக. இங்கன அபராதமா? என்னய்யா அநியாயமா இருக்கு!"

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ரெஃப்ரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு இரண்டு ஸ்ட்ரோக் போட்டார்.

இப்போது கட்டுக்கு வெளியே நிற்கிறேன். அடுத்த குழியிலும் ஒன்றும் மிச்சப்படவில்லை; கடைசிக் குழியை அதற்குக் குறித்த கணக்கைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவாக முடித்தால்தான் கார்டு. "என்னால ஒம் பொழப்பே போச்சே மாப்ள" என்று மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். திட்டவும் மனசு வரவில்லை.

கடைசிக் குழியிலும் பந்து புல்லுக்குள்தான் போனது. அதை ஒட்டித் தண்டு தடித்த ஒரு களை. மச்சான் பார்த்துவிட்டார். அவர் விரல் துடித்தது எனக்கே தெரிந்தது. பையைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு திரும்பி நின்றார். "நான் பாக்கல. நீ அடி."

இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வீசினேன். பந்து கிரீன் என்னும் வழுவழுப்பான புல்தரையில் ஏறி, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. களை வேரோடு பறந்து மச்சான் காலடியில் விழுந்தது.

"ஐயையோ, இதுக்கு எத்தனை மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். பந்தை அடிக்கிறப்ப மட்டையோட வந்தா குத்தமில்ல."

"அட கிறுக்குப்பயலே, இதை மொதல்லயே சொன்னா என்னா?"

அடுத்த அடியில் பந்து குழிக்குள் விழுந்தது; கணக்கைவிட ஒரு அடி குறைவு, கார்டு தப்பியது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும்தான் அழுதேன்.

அன்றிலிருந்து புதுக் கேடி யார் வந்தாலும், எதைத் தூக்கணும் என்று சொல்வதற்கு முன்னால் எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

கோம்பை டீக்கடையில் மச்சான் சொல்லும் கதையே வேறு. "மலேசியாவுல களை கொஞ்சம் கெடந்துச்சு. நானும் மாப்ளயும் ஆளுக்கு ஒண்ணா எடுத்தோம். கார்டு குடுத்துட்டாக."